எழுதியது அங்கே, படித்தது இங்கே

(வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. வேறொரு நாட்டில் வெளியாகும் பத்திரிகையோ இணைய இதழோ ஒருவரைப் பற்றித் தவறாக எழுதிவிட்டால் எந்த நாட்டுச் சட்டம் பேசும்? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இந்த நான்கையும் எடுத்துக்கொண்டேன். கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை. அவதூறால் நொந்து எழுதியவர்களின் பெயரை இன்னொரு முறை அச்சில் ஏற்றுவதில்லை என்பது என் வழக்கம்.

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். மெல்போர்னில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். வளைகாப்பு, காதுகுத்து, கல்யாணம் என்று விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பதுதான் தொழில். அமெரிக்காவில், நியூஜெர்சியிலிருந்து ஒருவர் நடத்தும் தமிழ் இணைய இதழில், நான் ஒரு குடும்பத்திடம் முன்பணம் வாங்கிக்கொண்டு விசேஷத்தன்று கைவிரித்துவிட்டதாக என் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கட்டுரை வந்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது. மதுரையில் இருக்கும் என் நாத்தனார்கூடப் படித்துவிட்டு, போன் போட்டுக் கேட்டார். இதற்கு அமெரிக்கச் சட்டமா, ஆஸ்திரேலியச் சட்டமா, நம்மூர்ச் சட்டமா?
– ஒரு வாசகி, மெல்போர்ன்

பதில்: உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததே உங்கள் ஊர்க்காரர் ஒருவர் போட்ட வழக்கில்தான். 2000 அக்டோபரில், டவ் ஜோன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் ‘பேரன்ஸ்’ இதழில், ஜோசப் கட்நிக் என்ற மெல்போர்ன் தொழிலதிபரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இணையத்திலும் வந்தது. அதை ஏற்றி வைத்திருந்த சர்வர் இருந்தது நியூஜெர்சியில். ஆமாம், உங்களுக்குத் தலைவலி கொடுத்திருக்கும் அதே நியூஜெர்சி. இணையப் பதிப்புக்கு மொத்தம் 5,50,000 சந்தாதாரர்கள். அதில் ஆஸ்திரேலியக் கிரெடிட் கார்டில் பணம் கட்டியவர்கள் சுமார் 1,700 பேர். கட்நிக் விக்டோரியா மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

கட்டுரையை நியூஜெர்சியில் ஏற்றியதோடு பிரசுரம் முடிந்துவிட்டது, ஆகவே அமெரிக்க நீதிமன்றம்தான், அமெரிக்கச் சட்டம்தான் என்பது டவ் ஜோன்ஸின் வாதம். ஆப்கானிஸ்தானில் தொடங்கி ஜிம்பாப்வே வரைக்கும் எல்லா நாட்டுச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு கட்டுரை போட வேண்டுமென்றால் எந்தப் பத்திரிகையால் முடியும் என்று கேட்டார்கள். இந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. நானும் ஒரு பத்திரிகையில்தான் எழுதுகிறேன்.

வழக்கு ஆஸ்திரேலிய ஹைகோர்ட் வரை போனது. அங்கே மாநில நீதிமன்றத்துக்குச் சுப்ரீம் கோர்ட் என்றும், நாட்டின் கடைசி நீதிமன்றத்துக்கு ஹைகோர்ட் என்றும் பெயர். படிக்கும்போது குழம்ப வேண்டாம். 2002 டிசம்பர் 10 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக கட்நிக் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதி முடித்தவுடன் அவதூறு நடந்துவிடுவதில்லை. இன்னொருவர் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும்போதுதான் நடக்கிறது. மெல்போர்னில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் இறக்கிப் படித்தால், தவறு நடந்த இடம் மெல்போர்ன். தவறு நடந்த இடத்தின் சட்டமே பொருந்தும். ஆப்கானிஸ்தான், ஜிம்பாப்வே பயத்துக்கும் அவர்கள் பதில் சொன்னார்கள்: யாரைப் பற்றி எழுதப் போகிறோம் என்று தெரிந்தாலே, அவர் எந்த ஊர்ச் சட்டத்தைத் தேடிப் போவார் என்பதும் அநேகமாகத் தெரிந்துவிடும். கடைசியில் 2004-ல் சமரசம். டவ் ஜோன்ஸ் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடும், 4,00,000 டாலர் வழக்குச் செலவும் கொடுத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது நம் வீடுகளில் பேசும் பேச்சோடு ஒத்துப்போவது. ‘நாலு பேர் என்ன நினைப்பாங்க’ என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். மானம் என்பது அந்த நாலு பேரிடம்தான் இருக்கிறது. உங்கள் நாலு பேர் நியூஜெர்சியில் இல்லை. உங்களிடம் சாப்பாடு சொல்லும் குடும்பங்கள் மெல்போர்னில் இருக்கின்றன. ஆர்டர் போனதும் அங்கேதான். அதனால் விக்டோரியா நீதிமன்றம், விக்டோரியா சட்டம். உங்கள் நாத்தனார் மதுரையில் படித்ததால் இங்கே ஏற்பட்ட கெட்ட பெயருக்கு இந்தியச் சட்டம் பேசும். ஆனால் அதையும் அங்கே சேர்த்துக் கேட்கப் போனால், இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மெல்போர்ன் நீதிமன்றத்தில் நிபுணரைக் கூப்பிட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். செலவு கட்டுப்படியாகாது. கட்நிக்கும் விக்டோரியாவில் போன மானத்துக்கு மட்டுமே கேட்கிறேன், வேறு எங்கும் வழக்குப் போட மாட்டேன் என்று உறுதி கொடுத்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்போது தேதி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் ஜூனியராக இருந்த காலத்தில் எங்கள் சீனியரிடம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்தார். வெளிநாட்டில் அச்சாகி இங்கே தபாலில் வரும் ஒரு சிற்றிதழின் பக்கம். பள்ளிக் கட்டட நிதியை அவர் எடுத்துக்கொண்டதாக அதில் இரண்டு வரி. பிரித்துப் பிரித்து மடித்ததில், மடிப்பு ஓடிய இடமெல்லாம் மை உதிர்ந்து வெளுத்துப் போயிருந்தது. அவர் பெயர் இருந்ததும் அந்த மடிப்பில்தான். சீனியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது வந்து எத்தனை நாள் ஆச்சு?” பதின்மூன்று மாதம். “அந்த ஊருக்குப் போய்த்தான் கேஸ் போடணும்னு சொன்னாங்க சார். அதுக்குத்தான் பணம் சேர்த்துக்கிட்டிருந்தேன்” என்றார்.

மதுரையில் அந்த இதழுக்குச் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அவருடைய பள்ளி நூலகத்துக்கே வந்துகொண்டிருந்தது. மதுரையில் படிக்கப்பட்டதால் மதுரையிலேயே வழக்குப் போட்டிருக்கலாம். ஆனால் நம் காலவரம்புச் சட்டத்தில் எழுத்து அவதூறுக்கு ஒரு வருடம்தான். அவர் அந்த ஜெராக்ஸை அதே மடிப்பில் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சீனியருக்கும் எனக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எந்த நாட்டுச் சட்டம் என்பது படித்தவர்கள் பொழுதுபோகாமல் கேட்கும் கேள்வி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

உங்களுக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. விக்டோரியாவிலும் கெடு ஒரு வருடம். 2021 ஜூலைக்குப் பிறகு வந்த கட்டுரைகளுக்கு, முதன்முதலில் இணையத்தில் ஏற்றிய நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். ஒவ்வொருவர் படிக்கும்போதும் கணக்கு புதிதாகத் தொடங்காது. வழக்குக்கு முன்னால் முறைப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பி, அவர்களுக்கு 28 நாள் கொடுக்க வேண்டும். பாதிப்பு கடுமையானது என்றும் நீங்கள்தான் காட்ட வேண்டும். போன அந்த இரண்டு ஆர்டர்களின் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ‘அந்தக் கட்டுரையைப் பார்த்தோம், வேண்டாம்’ என்று யாராவது எழுதியிருந்தால் அதுவே உங்கள் முதல் சாட்சி. கட்டுரையைத் தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி படம்பிடித்து வையுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மெல்போர்னில் ஜெயித்தாலும், அந்த ஆசிரியரின் வீடும் வங்கிக் கணக்கும் அமெரிக்காவில் இருந்தால் பணத்தை வசூலிப்பது மிகக் கடினம். 2010 ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டு அவதூறுத் தீர்ப்பு ஒன்று அங்கே செல்ல வேண்டுமென்றால், அந்த நாட்டுச் சட்டம் பேச்சுரிமைக்கு அமெரிக்கா அளவுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அமெரிக்கச் சட்டப்படி பார்த்தாலும் நீங்களே ஜெயித்திருப்பீர்கள் என்றாவது காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில், எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில். அமெரிக்காவில் அது பெரும்பாலும் உங்கள் தலைக்கு வந்துவிடும். அதனால் நோட்டீஸில் பணத்தை முன்னால் வைக்காதீர்கள். கட்டுரையை எடுக்கவும், அதே இடத்தில் திருத்தம் போடவும் கேளுங்கள். உங்கள் தொழிலுக்கு வேண்டியதும் அதுதான்.

கேள்வி: சென்னையில் இருந்து நடத்தப்படும் ஓர் இணைய இதழ் என்னைப் பற்றி அபாண்டமாக எழுதியுள்ளது. அவதூறுக்கு கிரிமினல் வழக்கு இலங்கையில் போட முடியாது, இந்தியாவில் போடலாம் என்று இங்கே ஒரு சட்டத்தரணி சொன்னார். உண்மையா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மைதான். இலங்கை 2002-லேயே தண்டனைச் சட்டக் கோவையிலிருந்து அவதூறுக் குற்றத்தை நீக்கிவிட்டது. இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 500-ஆம் பிரிவு என்றார்கள். 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை. குற்ற வழக்கில் ‘எந்த நாட்டுச் சட்டம்’ என்ற கேள்வியே எழாது. எந்த நாட்டுக் குற்றவியல் நீதிமன்றமும் தன் சட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காது. எழுதியவர்கள் சென்னையில் இருப்பதால் சென்னை மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே தனிப் புகார் கொடுக்கலாம்.

ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்: எழுதியதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் எனக்கு உடன்பாடில்லை. 2016-ல் நம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொன்ன பிறகும் என் எண்ணம் மாறவில்லை. நஷ்டஈட்டு வழக்காகப் போடுங்கள். உங்கள் நாட்டில் அது, டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் வரும். புண்படுத்தும் எண்ணம் இருந்ததா என்பதற்கு அந்தச் சட்டத்தில் முக்கிய இடம் உண்டு. அதையெல்லாம் உங்கள் சட்டத்தரணியிடமே கேட்பதுதான் சரி.

கேள்வி: நான் சென்னையில் ஃப்ரீலான்ஸ் நிருபர். ஓர் ஆங்கில இணைய இதழில் நான் எழுதிய செய்திக்காக லண்டன் வக்கீல் ஒருவரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் பேசப்படும் தொழிலதிபர் சென்னைக்காரர்தான். சென்னைக்காரர் சென்னைக்காரரைப் பற்றி எழுதியதற்கு லண்டனில் வழக்கா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் நான் உங்களை எச்சரித்திருப்பேன். ஆங்கிலேய அவதூறுச் சட்டம் வழக்குப் போடுபவருக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. அதன் வேர் 1849-ல் இருக்கிறது. பதவி இழந்திருந்த பிரன்ஸ்விக் என்ற ஜெர்மானியச் சிற்றரசின் கோமகன், பதினேழு வருடத்துக்கு மேல் பழசாகிப் போன ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக வழக்குப் போட நினைத்தார். கெடுவோ ஆறு வருடம். தன் வேலையாளை அனுப்பி, பத்திரிகை அலுவலகத்தில் அந்தப் பழைய இதழின் ஒரு பிரதியை வாங்கி வரச் சொன்னார். அந்த ஒரு பிரதியை விற்றதே புதிய பிரசுரம் என்றது நீதிமன்றம். 500 பவுண்டு கிடைத்தது. இணையம் வந்த பிறகு இந்த விதி என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கிளிக்கும் அந்த வேலையாள் வாங்கிய பிரதிதான்.

அப்படித்தான் நடந்தது. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் எஹ்ரென்ஃபெல்டின் புத்தகம் இங்கிலாந்தில் வெளியாகவே இல்லை. இணையம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை 23 பிரதிகள். அதை வைத்து பின் மஹ்ஃபூஸ் என்ற சவூதி தொழிலதிபர் லண்டனில் தீர்ப்பு வாங்கினார். அதனால் எழுந்த கொதிப்புதான் மேலே சொன்ன 2010 அமெரிக்கச் சட்டத்தில் முடிந்தது. அதற்கும் முன்னால் நம்மவர் ஒருவரும் இந்தச் சுவரில் மோதியிருக்கிறார். அமிதாப் பச்சனின் தம்பி அஜிதாப், போஃபர்ஸ் விவகாரத்தில் வந்த ஒரு செய்திக்காக, நியூயார்க்கிலிருந்து நடந்த ‘இந்தியா அப்ராட்’ மீது லண்டனில் 40,000 பவுண்டுக்குத் தீர்ப்பு வாங்கினார். 1992-ல் நியூயார்க் நீதிமன்றம் அதை நிறைவேற்ற மறுத்துவிட்டது.

ஐரோப்பாவில் வேறொரு வழி பிடித்தார்கள். பிரான்ஸின் ‘ஃபிரான்ஸ்-சுவார்’ பத்திரிகை மீது ஃபியோனா ஷெவில் என்ற ஆங்கிலப் பெண் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார். அந்த இதழ் பிரான்ஸில் 2,37,000 பிரதி விற்றிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 230. அவர் வாழ்ந்த யார்க்‌ஷயரில் வெறும் ஐந்து. 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: பத்திரிகை இருக்கும் நாட்டில் போட்டால் முழு நஷ்டத்தையும் கேட்கலாம், மற்ற நாட்டில் போட்டால் அந்த நாட்டில் பட்ட அடிக்கு மட்டும். நியாயமான அளவுகோல். ஆனால் எந்த நாட்டுச் சட்டம் என்பதில் அவர்களாலும் ஒன்றுசேர முடியவில்லை. இப்படிப்பட்ட தவறுகளுக்குப் பொதுவிதி வகுத்த ரோம்-2 என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறையில் அவதூறை வெளியே விட்டுவிட்டார்கள். இன்றுவரை வெளியேதான் நிற்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஆங்கிலேய அவதூறுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, வெளிநாட்டில் குடியிருப்பவர் மீதான வழக்கை, உலகில் கட்டுரை பரவிய எல்லா இடங்களிலும் இங்கிலாந்துதான் தெளிவாக மிகப் பொருத்தமானது என்று காட்டினால் மட்டுமே ஏற்கச் சொல்கிறது. கோமகனின் விதியையும் அதே சட்டம் ஒழித்துவிட்டது. நீங்கள் சென்னை, அவர் சென்னை, செய்தி சென்னை. லண்டன் பொருத்தமான இடம் என்று அவர் காட்டுவது கஷ்டம்.

அப்படியே ஏற்றாலும், இந்தியாவில் படித்தவர்களிடம் போன மானத்துக்கு அங்கே கேட்க வேண்டுமென்றால், இங்கிலாந்துச் சட்டப்படியும் தவறாக இருக்க வேண்டும், இந்தியச் சட்டப்படியும் தவறாக இருக்க வேண்டும். இந்த இரட்டைப் பூட்டு விதி 1870-ல் பிறந்தது. ஜமைக்காவில் 1865-ல் நடந்த எழுச்சியை ஆளுநர் எயர் ரத்தத்தில் நனைத்து அடக்கினார். அப்போது சிறைப்பட்ட ஃபிலிப்ஸ் என்பவர் இங்கிலாந்தில் நியாயம் கேட்டார். ஆளுநரைக் காப்பாற்ற ஜமைக்காவிலேயே ஒரு சட்டம் நிறைவேற்றிவிட்டதால் அது அங்கே தவறாகாது, ஆகவே இங்கேயும் வழக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். 1995-ல் மற்ற தவறுகளுக்கு இந்த விதியை எடுத்துவிட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பத்திரிகைகள் அஞ்சியதால் அவதூறுக்கு மட்டும் விட்டு வைத்தது. ஒரு மனிதனின் வலியைத் தள்ளிவிடப் பிறந்த விதி இன்று உங்களைப் போன்ற நிருபருக்குக் கேடயமாக இருக்கிறது. இந்தியாவிலோ இதற்கென்று தனிச் சட்டமே இல்லை. அந்தப் பழைய ஆங்கிலேய விதியைத்தான் இன்னும் புரட்டுகிறோம். நாடாளுமன்றம் இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். லண்டன் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: சிங்கப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பிவிட்டேன். வந்த பிறகு ஃபேஸ்புக்கில் என் பழைய முதலாளியைப் பற்றி எழுதினேன். அவர் சிங்கப்பூரில் அவதூறு வழக்குப் போட்டு, சம்மன் அனுப்பியிருக்கிறார். போகாமல் விட்டுவிடலாமா? என் வீட்டை ஏலம் விட முடியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அமெரிக்கத் தீர்ப்பாக இருந்தால் இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட்டுத்தான் வர வேண்டும். சிங்கப்பூரும் பிரிட்டனும் அப்படியல்ல. சிவில் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவின்படி அந்த நாடுகளின் உயர் நீதிமன்றங்கள் கொடுத்த பண டிக்ரியை (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணையை), நம் மாவட்ட நீதிமன்றம் கொடுத்த டிக்ரி போலவே நேரடியாக நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம். ஆகவே வீடு ஏலத்துக்கு வர வழி இருக்கிறது.

உங்களைக் காப்பாற்றக்கூடியது 13-ஆம் பிரிவு. அதிகாரம் இல்லாத நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, வழக்கின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் கொடுத்த தீர்ப்பு, இந்தியச் சட்டம் பொருந்தும் இடத்தில் அதை ஏற்க மறுத்த தீர்ப்பு ஆகியவை இங்கே செல்லாது. 1894-ல், அன்று நமக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபரீத்கோட் சமஸ்தானத்தில் வேலை பார்த்த குர்தியால் சிங் அங்கிருந்து போய்விட்ட பிறகு, ராஜா தன் சொந்த நீதிமன்றத்தில் அவர் இல்லாமலே டிக்ரி வாங்கினார். அந்த ஊரில் குடியில்லாத, அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படாத ஒருவர் மீது வாங்கிய அந்த டிக்ரி வெளியூரில் வெறும் காகிதம் என்றார்கள். நீங்கள் எழுதியது திருச்சியிலிருந்து, குடியிருப்பதும் திருச்சியில். குர்தியால் சிங்கின் நிலைமைதான் உங்களுக்கு.

அதனால் ஆத்திரத்தில் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு ‘நான் எழுதியது எல்லாம் உண்மை’ என்று பதில் மனு அனுப்பிவிடாதீர்கள். பதில் மனு போட்டு வாதாடினால் அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், பிறகு இந்த வாதம் போய்விடும். இனிமேல் சிங்கப்பூரில் சொத்தோ வேலையோ வைத்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதையும் யோசியுங்கள். உண்டு என்றால் போகாமல் விடுவது சரிப்படாது. அங்கே ஒரு வக்கீலை வைத்து, அதிகார வரம்பை மட்டும் எதிர்க்கச் சொல்ல வேண்டும். முதலில் திருச்சியில் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். போகும்போது சம்மனோடு அது வந்த கவரையும் எடுத்துப் போங்கள். சம்மன் உங்கள் கைக்கு எப்போது வந்தது என்று கணக்கிட, அவர் முதலில் பார்ப்பது தபால் முத்திரையில் இருக்கும் தேதியைத்தான்.